கிடைக்கும் என்று எழுத மாட்டேன்

மார்ச் 2

வாயாடிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், நடுவில் உன் அண்ணன் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார். "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. எழுதும்போதாவது ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயை மூடிக்கிட்டு இருப்பீங்க" என்கிறார். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர், வீட்டில் மட்டும் மூடச் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் உன் பேட்டியைப் பார்த்தேன். தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் மூன்று மாடி உயரத்துக்கு உன் துகள் மோதும் இயந்திரம். படம் நன்றாகத்தான் இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் நீ சொன்னது: "மீச்சமச்சீர் இல்லைன்னா இழைக் கோட்பாடும் இல்லை. இன்னொரு தடவை தேடுவோம். கிடைக்கலைன்னா அந்தக் கடையைச் சாத்திடலாம்."

அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பது நான்தான், நினைவிருக்கிறதா? நானும் ஐந்து மாணவர்களும். எங்கள் டைரக்டர் உன் வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். எங்கள் அறையை மூடுவதா வைப்பதா என்று மே மாதம் ஒரு கமிட்டி முடிவு செய்யப்போகிறது. மூடக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நீ வீடு தேடிப் போய்க் கொடுத்திருக்கிறாய்.

நீ சொன்னது தப்பு. தப்பு என்று உனக்கே தெரியும், அதுதான் எனக்கு ஆத்திரம். பேப்பருக்கு எழுதித் திருத்து.

அண்ணி

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

திருத்த மாட்டேன்.

என் பேட்டி மட்டும் உங்கள் கண்ணில் பட்டதா? போன டிசம்பரில் எங்கள் ஆய்வகத்துக்கு விருந்தாளியாக வந்து நீங்கள் பேசியது என்ன ஆயிற்று? உங்களைக் கூப்பிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். கேள்வி நேரத்தில் யாரோ ஒரு மாணவன் கேட்டான். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னீர்கள்: "இந்த இயந்திரத்துல ஒண்ணுமே கிடைக்கலைன்னாலும் எங்க கோட்பாட்டுக்கு ஒரு கீறலும் விழாது." முன்வரிசையில் கோட் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? இயந்திரத்தை ஓட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் அவர்கள்தான். மறுநாள் காலை அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கீறலே விழாதுன்னா எதுக்குங்க ஓட்டணும்?" நாங்கள் இரண்டு வருட ஓட்டம் கேட்டிருந்தோம். அந்தக் கோப்பு அன்றைக்குப் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

கேள்வி கேட்டால் சரியான பதிலைச் சொல்லிவிடுவீர்கள். எங்கே, யார் முன்னால் என்று பார்க்கவே மாட்டீர்கள். எங்கள் கல்யாண வீட்டில் சமையல் எப்படி என்று கேட்ட சம்பந்தியிடம் "சுமார்" என்று சொன்ன ஆள்தானே நீங்கள்.

என் வயிற்றெரிச்சல் அது மட்டுமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், மீச்சமச்சீர் சொல்லும் ஜோடித் துகள் இதோ இந்த எடையில் இருக்கிறது என்றார்கள் கோட்பாட்டுக்காரர்கள். தேடினோம், இல்லை. கொஞ்சம் மேலே பாருங்கள் என்றார்கள். பார்த்தோம், இல்லை. இன்னும் மேலே என்றார்கள். என் தலை நரைத்ததுதான் மிச்சம். ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றை எத்தனை நாள் துரத்துவது?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கிடைத்தால் நீங்கள் ஜெயித்தீர்கள், கிடைக்காவிட்டாலும் தோற்கவில்லை. அப்படியானால் உங்களை எதுதான் தோற்கடிக்கும்? பதில் சொல்லுங்கள், பிறகு பேப்பரைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 17

வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, நீங்க ரெண்டு பேரும் சூசி சூசின்னு பேசிக்கிறீங்களே, அந்தப் பொண்ணு யாரு? அவ வந்துட்டா சண்டை தீருமா?" என்று கேட்டார். மீச்சமச்சீருக்கு, அதாவது சூப்பர்சிமெட்ரிக்கு, நாம் வைத்திருக்கும் செல்லப்பெயர் அது என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு ஒரு கடைவாய்ப்பல் கேஸ் வந்துவிட்டது. பாதியில் விட்ட விளக்கத்தை உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பேப்பர்காரரிடம் பேசும்போது மறந்துபோகிறதே.

உலகத்துத் துகள்கள் இரண்டு வகை. பொருளாக நிற்பவை ஒன்று, எலக்ட்ரான் மாதிரி. அவற்றுக்கு நடுவில் விசையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை இன்னொன்று, ஒளித்துகள் மாதிரி. ஒவ்வொரு துகளுக்கும் எதிர்வகையில் ஒரு ஜோடி உண்டு என்பதுதான் மீச்சமச்சீர். இந்தத் துகள்கள் எல்லாமே கண்ணுக்கெட்டாத ஒரு சின்ன இழையின் வெவ்வேறு அதிர்வுகள் என்பது இழைக் கோட்பாடு. இரண்டுக்கும் உறவு எங்கே என்றால், முதலில் எழுதிய இழைக் கணக்கில் விசைத் துகள்கள் மட்டும்தான் வந்தன. எலக்ட்ரானுக்கு அதில் இடமே இல்லை. போதாக்குறைக்கு, எடையின் வர்க்கம் எதிர்க்குறியில் வரும் நோஞ்சான் துகள் ஒன்று. அது இருக்கும்வரை வெற்று வெளிகூட நிலையாக நிற்காது. இழையின் மேல் மீச்சமச்சீரை வைத்ததும் எலக்ட்ரான் வகை உள்ளே வந்தது, நோஞ்சான் வெளியே போனது. அந்தச் சமச்சீரின் ஒரு வேர் இழைக்குள்ளேயே முளைத்தது. நாங்கள் அடுத்த வீட்டில் இரவல் வாங்கியதில்லை. அது இல்லாத இழைகளும் ஏட்டில் உண்டு, ஆனால் அவற்றை நிலையாக நிற்க வைப்பது பெரும்பாடு.

அதனால் இழைக்கு மீச்சமச்சீர் வேண்டும் என்பது ஏறக்குறைய சரி. நீ தடுக்கி விழுந்த இடம் அடுத்த படி. நம் உலகத்தில் அந்தச் சமச்சீர் உடைந்துகிடக்கிறது. உடையாமல் இருந்தால் ஜோடிகள் ஒரே எடையில் இருக்கும், என்றைக்கோ பார்த்திருப்போம். எந்த உயரத்தில் உடைந்தது என்று இழை சொல்வதில்லை. உன் இயந்திரம் எட்டும் உயரமாக இருந்தால் உனக்குக் கிடைக்கும். அதற்குக் கோடி மடங்கு மேலே உடைந்திருந்தால் உன் பேத்திக்கும் கிடைக்காது. உனக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும் என்று சொன்னவர்கள், ஹிக்ஸ் துகளின் எடை ஏன் இவ்வளவு குறைவு என்ற புதிரை வைத்துச் சொன்னார்கள். நல்ல காரணம்தான். ஆனால் அது இழை கொடுத்த வாக்கு இல்லை.

என் பக்கத்துக்குப் பாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே நீ ஒரு ஜோடியைப் பிடித்துவிட்டாலும் இழை ஜெயித்ததாக ஆகாது. இழையே இல்லாமல்கூட மீச்சமச்சீர் இருக்கலாம். எங்களுக்குத் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். எங்களை எது தோற்கடிக்கும்? தெரியாது. அந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அதற்காக, உன் பொய்க் காரணத்தால் தோற்க நான் தயாராக இல்லை.

அண்ணி

*

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணி,

"தெரியாது" என்று உங்கள் கையெழுத்தில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். கோபம் குறைந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன் போன் செய்தார். உங்கள் டைரக்டர் ஒரு வழி சொல்லியிருக்கிறாராமே. எங்கள் இரண்டு வருட ஓட்டத்துக்கு உங்கள் நிறுவனமும் கூட்டாளியாகச் சேருமாம். நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இழைக் கோட்பாட்டின்படி அடுத்த ஓட்டத்தில் ஜோடித் துகள் கிடைக்கும் என்று. எழுதினால் அறை இருக்கும், ஐந்து பிள்ளைகளும் இருப்பார்கள், எங்கள் கோப்பும் எழுந்து நடக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பதாக அண்ணன் சொன்னார்.

யோசிக்க என்ன இருக்கிறது? எழுதிவிடுங்கள் அண்ணி. ஒரு வரிதானே. கிடைக்கும் என்று தெரியாதுதான், கிடைக்காது என்று மட்டும் யாருக்குத் தெரியும்? அந்த ஓட்டம் முடிவதற்குள் உங்கள் டைரக்டர் ரிடையர் ஆகி எங்கேயாவது செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதித்தான் இந்த இயந்திரமே வந்தது.

இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எனக்கு அந்த இரண்டு வருடம் வேண்டும். வேறு வேலை எனக்குத் தெரியாது.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 9

வாயாடிக்கு,

எழுத மாட்டேன்.

யோசித்தது உண்மை. மூன்றாம் வருடத்தில் இருக்கும் பெண் காலையில் வந்து, "மேடம், நான் வேற ஊருக்கு விண்ணப்பம் போடலாமா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அறைக்கு வந்து பேனாவை எடுத்தேன். "இழைக் கோட்பாட்டின்படி" என்பது வரை எழுதினேன். அதற்குமேல் கை நகரவில்லை. இழைக் கோட்பாட்டின்படி அங்கே ஒன்றும் வராது. நான்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

டிசம்பரில் மேடையில் நான் சொன்னது உண்மை, நேரம்தான் கெட்ட நேரம். அதற்கு நீ திட்டியதை வாங்கிக்கொள்கிறேன். இது நல்ல நேரம், ஆனால் பொய். உன்னைப் பல வருடம் "கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே" என்று அலைய விட்டவர்களைப் பற்றி எழுதினாயே, அந்த வரிசையில் என்னையும் போய் நிற்கச் சொல்கிறாயா? இரண்டு வருடம் கழித்து உனக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் நான் என்ன எழுதுவேன்? இன்னும் கொஞ்சம் மேலே என்றுதான்.

டைரக்டரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். "சார், வேணும்னா அறையைப் பூட்டுங்க. இந்த வரி என்கிட்ட இருந்து வராது." அவர் ரொம்பத் தன்மையாக, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். என் நல்லது இருக்கட்டும், கூட்டாளி சேரும் உங்கள் கோப்பின் நல்லதைச் சொல்லுங்கள் என்றேன்.

உனக்கு இரண்டு வருடம் போகலாம். எனக்கு அது தெரியும், தெரிந்தேதான் மறுத்தேன். என்னோடு பேசாதீர்கள் என்று நீ சொன்னால் பேசவில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 26

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்று அதைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். மாலையில் எடுத்து நீவி வைத்தேன். பதில் எழுதும் எண்ணம் இல்லை. ஆனால் நேற்று, போன ஓட்டத்தின் பெட்டியைத் திறந்தோம்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜோடித் துகள் தலைகாட்ட வாய்ப்பிருக்கும் பகுதியின் தரவை மட்டும் மூடி வைத்துவிடுவோம். எதை எண்ணுவது, எதைக் கழிப்பது, எவ்வளவு வந்தால் நம்புவது எல்லாம் எழுதிக் கையெழுத்தான பிறகுதான் அதைப் பார்ப்போம். முன்பே எட்டிப் பார்த்தால் வேண்டியதைக் கண்ணே உண்டாக்கிவிடும். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவன் ஆர்வம் தாங்காமல் ஒரு ஓரத்தைப் பார்த்துவிட்டான் என்பதற்காக, அந்தப் பகுதியையே தூக்கிப் போட்டு நாலு மாத வேலையை மறுபடி செய்ய வைத்தவள் நான். அவன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போவான்.

கூட்ட அறையில் மத்தியானம் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். திரையில் கோடு வந்தது. சாதாரண மோதல்களால் மட்டும் எவ்வளவு வரும் என்று நாங்கள் முன்பே போட்டுவைத்த கணக்கு அது. அதன்மேல் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எல்லாம் கோட்டின் மேலேயே. ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. ஒன்றுமில்லை, அண்ணி. சுத்தமாக ஒன்றுமில்லை. யாரோ ஏசியைக் குறைக்கச் சொன்னார்கள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களிடம் நான் எழுதச் சொன்னது என்ன? பெட்டியைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பதைச் சொல்லச் சொன்னேன். அதையே என் குழுவில் ஒருவன் செய்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். பேட்டியிலும் அதைத்தான் செய்தேன். என் இயந்திரம் பார்த்த இடத்தை விட்டுவிட்டு, பார்க்காத இடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

பேப்பருக்கு எழுதிவிட்டேன். உள்பக்கத்தில், வரிவிளம்பரத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்குப் போடுவார்கள் போலிருக்கிறது. அது போதாது. உங்கள் கமிட்டி முன்னால் நானே வந்து நிற்கப்போகிறேன். கூப்பிடவில்லையே என்பார்கள். என் வாக்கியத்தைப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதுதான் எனக்கு அழைப்பு.

இன்னொன்று. உங்களை எது தோற்கடிக்கும் என்ற கேள்வியை நான் விடவில்லை.

உங்கள் நாத்தனார்

*

மே 12

அன்புள்ள அண்ணி,

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் உங்கள் கமிட்டியின் முடிவு தெரியும் முன்பே கிளம்பிவிட்டேன். அண்ணனுக்கு போன் போட்டால் "உங்க அண்ணியே எழுதுவா" என்கிறார். அவர் அப்படிச் சொன்னால் நல்ல செய்தியில்லை.

என் பக்கத்துச் செய்தி வந்துவிட்டது. இரண்டு வருடம் கேட்டோம், ஒன்று கொடுத்திருக்கிறார்கள். "கண்டுபிடிப்புக்கு உத்தரவாதம் இல்லாத நிலையில்" என்று கடிதத்தில் இருக்கிறது. உத்தரவாதம் கொடுத்துத் தேட நான் என்ன மிக்ஸியா விற்கிறேன் என்று பதில் போட்டேன். எங்கள் தலைவர் அதை அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்தது.

எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் நேராக எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

மே 20

வாயாடிக்கு,

மூடிவிட்டார்கள்.

நேராக எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். அறை இனி கூட்ட அறையாகுமாம். என்னைப் பாடம் நடத்தும் வேலையில் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், ஆராய்ச்சி கிடையாது. பிள்ளைகளில் இரண்டு பேர் வேறு ஊர் போகிறார்கள், நானே கடிதம் கொடுத்தேன். மூன்றாம் வருடப் பெண் போகவில்லை. "நீங்க எழுதியிருந்தா நான்தான் மேடம் உங்களை விட்டுப் போயிருப்பேன்" என்றாள். நான் அழுதேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அன்று நீ பேசியதை எழுதி வைக்கிறேன். கோபத்தில் பேசியது உனக்கு எப்போதும் நினைவிருப்பதில்லை. கமிட்டித் தலைவர் உன்னைக் கேட்டார்: "நீங்களே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் இவங்களுக்காக ஏன் வாதாடறீங்க?" நீ மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னாய்: "நான் இவங்களுக்காக வாதாட வரலைங்க. இவங்க சொல்றது சரியான்னு எனக்குத் தெரியாது. எனக்கு அதுல நம்பிக்கைகூட ஜாஸ்தி இல்லை. ஆனா நான் தேடின இடத்துல இல்லைன்னுதான் என் பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். எங்கேயும் இல்லைன்னு போடலை. என் கையெழுத்தை வச்சு நீங்க வேற யார் கதவையும் பூட்டக்கூடாது." டைரக்டர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நீ பார்க்கவில்லை, பையைத் தேடிக்கொண்டிருந்தாய்.

அவர்கள் பூட்டினார்கள். ஆனால் காரணம் என்று எழுதிய பத்தியில் உன் பெயரும் இல்லை, உன் முடிவும் இல்லை. "இடப்பற்றாக்குறை" என்று போட்டிருக்கிறார்கள். அறிவியலைக் காட்டி மூட அவர்களுக்கு வாய் வரவில்லை. எனக்கு அது போதும் என்று சொல்ல மாட்டேன், போதாது. ஆனால் உன் முடிவைப் பொய்யாகக் காட்டி மூட நீ விடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அண்ணனின் கிளினிக்கில் கூடுகிறோம். அன்றைக்கு நோயாளிகள் வரமாட்டார்கள். காத்திருப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஈறு நோய்ப் படம், அதற்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு வெள்ளைப் பலகை. பல் பிடுங்கும் நாற்காலியில் யார் உட்காருவது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. முதல் நாளே வீக்கத்தோடு ஒருவர் வந்துவிட்டார். சிகிச்சை முடிந்தும் போகாமல், கன்னத்தில் பஞ்சோடு கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இதெல்லாம் நிஜமாங்க?" என்றார். தெரியாதுங்க, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

பதினெட்டு வருடமாக இழை சரி என்று காட்ட என்ன வழி என்றே தேடியிருக்கிறேன். இப்போது அந்த வேலையை நிறுத்திவிட்டேன். மூன்று பிள்ளைகளும் நானும் ஒரே கணக்கில் இறங்கியிருக்கிறோம். எதைக் கண்டால் இழை தவறு என்று ஒப்புக்கொண்டாக வேண்டும்? எந்த மாதிரி உலகத்தை இழை ஒருபோதும் அனுமதிக்காது? வழி அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். கிடைக்கும் என்று உனக்கும் எழுத மாட்டேன்.

கிடைத்தால் டைரக்டருக்கோ பேப்பருக்கோ சொல்லப்போவதில்லை, முதலில் உனக்குத்தான் எழுதுவேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதுவேன். நீ போய்ப் பார். அண்ணி என்று பார்க்காதே.

அண்ணி